சங்குத்திட்டு கேட்ட குரல்

வெள்ளாறு சமுதாய வானொலியின் நிர்வாகக் குழுத் தலைவர், மரியாதைக்குரிய தில்லைநாதன் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கலைமணி அவர்களின் கணவர் பாலகுமார் அவர்களே, மகள் சிந்துஜாவே, சிதம்பரத்திலிருந்தும் கீரப்பாளையத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் வந்திருக்கும் நேயர்களே, விடியற்காலையிலேயே படகேறி, இரண்டு பஸ் மாறி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் சங்குத்திட்டு மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தேவசகாயம். வானொலி நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவன். பேசிப் பழக்கமில்லாதவன். பேசுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார். அவர் பேசுவார், நான் கேட்பேன். பத்தாண்டுகளுக்கு மேல் எங்கள் இருவருக்கும் அதுதான் ஏற்பாடு. இன்றைக்கு மைக் என் முன்னால் இருக்கிறது. அவர் மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறார். இப்படி இடம் மாறிப்போகும் என்று நம்மில் யார் நினைத்தோம்?

யார் இந்தக் கலைமணி? கீரப்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பம்புசெட் மெக்கானிக். சிதம்பரத்தில் பி.காம் படித்துவிட்டு, கீழவீதியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வானொலி நிலையம் தொடங்கியபோது, தன்னார்வலர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தார். வானிலை வாசித்தார். நெல் விலை வாசித்தார். பிறகு ஒரு நாள், “வாசிச்சது போதும்ணே. வெளியில போயி கேக்கலாமா?” என்றார். அப்படிப் பிறந்ததுதான் வியாழக்கிழமைதோறும் வரும் ‘கரையோரம்’ நிகழ்ச்சி.

‘கரையோரம்’ என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாற்றின் இரு கரையிலும் இருக்கிறவர்களின் வேலை, பாட்டு, மழை, வெயில், கடல்நீர் புகும் கழியில் கையால் தடவி நண்டு பிடிக்கும் பெண்கள், பனிக்காலத்தில் வந்து இறங்கும் பறவைகள், முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் சத்தம். இவையெல்லாம் வானொலிக்கு உரியவை என்று நமக்குக் காட்டியவர் அவர்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு தெருக்கூத்துக் கலைஞர் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். வயதானவர். பெண் வேஷக்காரர். “மூஞ்சிக்கு அரிதாரம் பூசறது ரேடியோவுல எப்பிடிம்மா தெரியும்?” என்று கேட்டார். “நீங்க பேசிகினே பூசுங்க மாமா, தெரியும்” என்றார் கலைமணி. அவரும் பேசிக்கொண்டே பூசினார். அதற்கு முந்தின வருஷம் இறந்துபோன மனைவியைப் பற்றிப் பேசினார். நடுவில் பேச்சு நின்றுவிட்டது. வெகுநேரம் சத்தமே இல்லை. நிலையத்துக்குத் திரும்பி வந்ததும் நான் அந்த இடத்தை வெட்டப்போனேன். கலைமணி என் கையைத் தடுத்தார். “வேணாண்ணே. அப்பதான் அவரு ஒதட்டுக்குச் செவப்பு தடவுறாரு. பேச முடியாது இல்ல? இருக்கட்டும்.” அந்த மௌனம் அப்படியே ஒலிபரப்பானது. வானொலியில் மௌனத்தை ஒலிபரப்ப எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அன்பர்களே, புகழ்ந்து மட்டும் பேசிவிட்டு இறங்கினால், அவரே என்னை மன்னிக்கமாட்டார். அவருக்கு ஒரு பெரிய வலி இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். சங்குத்திட்டிலிருந்து வந்து, அதோ தூணருகே உட்கார்ந்திருக்கும் விருத்தாம்பாள் அம்மாளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை. மழை பொய்த்திருந்தது. மேலிருந்து ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் கீழிருந்து கடல் ஏறிவரும். கழி வழியாக உப்புநீர் உள்ளே புகுந்து, நடுவில் தீவுபோல இருக்கும் சங்குத்திட்டில் இருந்த கைப்பம்பு அத்தனையிலும் உப்பு. கத்தரிச் செடி கருகிவிட்டது. வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கலைமணியும் நானும் போனோம். விருத்தாம்பாள் அம்மாள் அடுப்படியில் உட்காரவைத்துப் பேசினார். நல்ல கலகலப்பான பேச்சு. சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இந்தத் தண்ணியில பருப்பு வேவாதும்மா. காலையில ஏத்துனா மத்தியானம் வரைக்கும் கல்லு கணக்கா கெடக்கும். குடிக்கிறதுக்கு ரெண்டு வாய்க்கா தாண்டிப் போயி கொடம் தூக்கியாறோம். நாளைக்கி எம்மூட்டுக்கு மருமவ வந்தாலும் அவளுக்கும் இதான் வேல.”

வியாழக்கிழமை ஒலிபரப்பினோம். எல்லோரும் பாராட்டினார்கள். சிதம்பரத்தில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் அந்தப் பருப்பைப் பற்றிப் பேசினார்கள்.

விருத்தாம்பாள் அம்மாளின் மகன் இளவரசுக்கு அப்போதுதான் பெண் பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. பெண் வீடு புவனகிரிப் பக்கம். அவர்களும் நம் நேயர்கள். நிகழ்ச்சியைக் கேட்டார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா இளவரசுக்குப் போன் செய்தார். “ஒங்கம்மாவே ரேடியோவுல சொல்லிட்டாங்களே தம்பி. எம்பொண்ண நான் கொடம் தூக்க அனுப்ப முடியாது. மனசுல வச்சிக்காதீங்க.” அவ்வளவுதான். கல்யாணம் நின்றுவிட்டது.

இது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஊருக்குள் போனபோதுதான் தெரிந்தது. யாரும் எங்களைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. விருத்தாம்பாள் அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“வாம்மா. இன்னும் என்னா வேணும் ஒனக்கு? எம்புள்ள சாப்புடாம கெடக்கறான், அதையும் அந்த மிஷின்ல புடிச்சிகினு போறியா?”

“யக்கா, எனக்குத் தெரியாது யக்கா.”

“எவ்ளோ பேசுனன் ஒங்கிட்ட. எதப் போடுவ, எத விடுவன்னு ஒரு வார்த்த சொன்னியா? என் வாயாலயே எம்புள்ள பொழப்புல மண்ணப் போட வச்சிட்ட. போ. இனிமே இந்த ஊருக்குள்ள ரேடியோன்னு சொல்லிகினு வராத.”

படகில் திரும்பி வரும்போது கலைமணியைத் தேற்றுவதற்காக நான் சொன்னேன். “நாம பொய்யா சொன்னோம்? அங்க தண்ணி உப்புதானே? அந்த அம்மா பேசினதத்தானே போட்டோம்?” அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். “உண்மதாண்ணே. ஆனா அவுங்க எங்கிட்டதான பேசுனாங்க? புவனகிரிகிட்ட பேசலியே” என்றார்.

இரண்டொரு நாளில் பாலகுமார் அவர்களின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கலைமணி அந்தப் பெண் வீட்டுக்குப் போனார். அவர்கள் மரியாதையாகக் காபி கொடுத்தார்கள். மரியாதையாகவே முடியாது என்று சொன்னார்கள். மறுபடியும் ஒருமுறை போனார். அந்தத் தடவை வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள். சினிமாவாக இருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். நடக்கவில்லை. அவரால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. அது கடைசிவரை அவருக்குள் இருந்தது.

ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றார். விருத்தாம்பாள் அம்மாள் சரியென்று சொல்லும்வரை அந்த நிகழ்ச்சியை மறுஒலிபரப்புச் செய்யக்கூடாது என்றார். இனிமேல் யார் பேசினாலும், ஒலிபரப்புவதற்கு முன் அவர்களிடமே கொண்டுபோய்ப் போட்டுக்காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்றார். தலைவர் ஐயா இங்கே இருக்கிறார். அன்றைக்கு முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இப்பிடிப் பாத்தா பாதி நிகழ்ச்சி வராதேம்மா.”

“அந்தப் பாதி வர வேணாங்கய்யா.”

ஐயா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. சில வாரங்கள் பழைய நிகழ்ச்சிகளையே போட்டு ஓட்டினோம். இறால் பண்ணையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவர்கள், கேட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்கள். கலைமணி முகம் சுளிக்காமல் அழித்துவிடச் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நாளாக நாளாக வேறொன்று நடந்தது. போட்டுக்காட்டப் போன இடத்தில், முதலில் சொல்லாததையெல்லாம் ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். “இத இன்னும் நல்லா சொல்றன், மறுபடி புடி” என்றார்கள்.

உப்புத் தண்ணீரை அவர் விட்டுவிட்டாரா? விடவில்லை. எந்தப் பேரும் சொல்லாமல், எந்த வீட்டையும் காட்டாமல், குடிநீர் அதிகாரி ஒருவரை நிலையத்துக்கே வரவழைத்து நேரலையில் உட்காரவைத்தார். கழியோரத்து ஊர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் பெண்கள் போன் போட்டுக் கேட்டார்கள். அதிகாரி பதில் சொல்லிச் சொல்லி வேர்த்துப்போனார். பிறகு அவரே நேரில் வந்து பார்த்தார், எழுதினார், அலைந்தார். அவருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்லவேண்டும். சங்குத்திட்டுக்கும் குழாய் வந்தது. அன்றைய நேரலையில் சங்குத்திட்டிலிருந்து மட்டும் ஒரு போன்கூட வரவில்லை. கலைமணி அதைக் கவனித்தார்.

அடுத்த வருஷம் இளவரசுக்குக் கல்யாணம் ஆனது. பெண் இன்னொரு திட்டிலிருந்து வந்தவள். உப்புத் தண்ணீர் அவளுக்குப் புதிதல்ல. ஊரில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார்கள். கலைமணிக்கு வரவில்லை. முகூர்த்தத்தன்று நிலையத்துக்கு வந்து, வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. நிலையத்துப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“ரேடியோ ஸ்டேஷனா? நான் சங்குத்திட்டு விருத்தாம்பாள் பேசறன்.”

சொல்லுங்கம்மா என்றேன்.

“அந்தப் பொண்ணுக்கு ஒடம்புக்கு என்னா?”

“ஒண்ணுமில்லியேம்மா. நல்லாத்தான இருக்காங்க?”

“என்னா நல்லா இருக்காங்க? நீங்கள்லாம் கூடத்தான இருக்கறீங்க? ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள மூச்சு எடுக்குது. முன்னல்லாம் ஒரே மூச்சுல எவ்ளோ சொல்லும். நாலஞ்சு வாரமா பாக்கறன், ஜாஸ்தியாவுது. டாக்டர்கிட்ட இட்டுகினு போங்க.”

“நீங்க எங்க மேல கோவமா இருந்தீங்களேம்மா, நிகழ்ச்சி கேக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“கோவமா இருந்தா ரேடியோ கேக்கக்கூடாதா?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பெரியோர்களே, பக்கத்திலேயே இருக்கிற நமக்குக் கேட்காத மூச்சு, கழிக்கு அந்தப் பக்கம் கோபத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்குக் கேட்டிருக்கிறது. இதைவிட ஒரு வானொலிக்காரருக்கு என்ன விருது வேண்டும்?

கலைமணியிடம் சொன்னேன். “விருத்தாம்பாளக்காவா? அவுங்களா பேசுனாங்க?” என்று அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டரைப் பற்றி நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. பாலகுமார் அவர்கள்தான் வற்புறுத்தி அழைத்துப்போனார். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருக்கிறது என்றார்கள். புதுச்சேரியில் ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நானும் சிந்துஜாவும் பக்கத்தில் இருந்தபோது விருத்தாம்பாள் அம்மாள் வந்தார். தூக்குச்சட்டியில் கஞ்சி. கலைமணி எழுந்திருக்கப் பார்த்தார்.

“படு. எழுந்துக்காத.”

“யக்கா, அன்னிக்கி…”

“பேசாத. நீ பேசறத கேட்டுக் கேட்டுத்தான் நான் இம்மாந்தூரம் வந்துருக்கறன். கொஞ்ச நாளக்கி நான் பேசறன், நீ கேளு.”

கலைமணி அழுதார். நான் அவரோடு பழகிய காலத்தில் அவர் அழுது பார்த்தது அந்த ஒருமுறைதான்.

உடம்பு தேறி வேலைக்கு வந்தபிறகு, விருத்தாம்பாள் அம்மாள் மருமகளையும் அழைத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்முடைய பழைய பேச்சைக் கேட்டார். மருமகளைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும், பக்கத்திலிருந்த மருமகளைப் பார்த்துச் சிரித்தார். “போட்டுக்க. ஆனா முடிவுல இதையும் சேத்துக்க” என்று சொல்லி மைக் முன்னால் உட்கார்ந்தார். “இப்ப கொழாயி வந்துடுச்சி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. தெனமும் வுடச் சொல்லுங்க” என்றார். இரண்டையும் சேர்த்து ஒலிபரப்பினோம்.

அதற்குப் பிறகு கலைமணி நம்மோடு இருந்தது இரண்டு மழைக்காலம். நன்றாகத்தான் இருந்தார். ‘கரையோரம்’ தவறவில்லை. சென்ற மழையில் புயல் எச்சரிக்கை வந்தபோது, படகுகளைக் கரையேற்றச் சொல்லி நாள் முழுக்க அறிவித்துக்கொண்டிருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது. புது வால்வில் கிருமி பற்றிவிட்டது என்றார்கள். உழைத்து உழைத்தே இறந்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். அவருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. நோய் வந்தது. மருந்து கேட்கவில்லை. நம் கலைமணி போய்விட்டார். இதற்கு மேல் அழகுபடுத்திச் சொல்ல இந்தச் சாவில் எதுவும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு சிந்துஜா நிலையத்துக்கு வந்தது. “மாமா, அம்மா குரல் ஒங்ககிட்ட நெறைய இருக்கு. ஆனா அதெல்லாம் ரேடியோவுல பேசற அம்மா. எங்க வீட்டு அம்மா அப்பிடிப் பேச மாட்டாங்க. அவுங்க வீட்டுல பேசுனத நாங்க யாருமே எடுத்து வைக்கல” என்றது. பெற்ற தாயின் குரல் ஊருக்கெல்லாம் இருக்கிறது, பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால் அந்தத் துக்கத்துக்கு யார் ஆறுதல் சொல்வது?

அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. பதிவு தொடங்கும் முன் சத்தம் சரியாக விழுகிறதா என்று பார்க்க எதையாவது பேசச் சொல்வோம். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். கலைமணி அன்று காலை வீட்டில் நடந்ததைச் சொல்வார். ஒலிபரப்பும்போது அதை வெட்டிவிடுவோம். மூலப்பதிவில் அது அப்படியே இருக்கும். தேடி எடுத்து ஒன்றாகக் கோத்தேன். சிந்துஜாவை உட்காரவைத்துப் போட்டேன்.

“ஹலோ, ஹலோ… இன்னிக்கி சிந்துஜா இட்லி வேணாம்னு கோவிச்சிகினு போயிட்டா. சாயந்தரம் பசிச்சா தானா பேசுவா. அண்ணே, சத்தம் போதுமா?”

“ஹலோ… அவளுக்குப் பரீட்ச. வேண்டிகினு வந்துருக்கறன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா சிரிப்பா. போதுமாண்ணே?”

ஒவ்வொன்றும் இப்படித்தான் முடியும். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. ஒவ்வொரு தடவையும் கலைமணி ‘போதுமா’ என்று கேட்க, அது ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு, “போதும்மா… போதும்மா…” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்தப் பதிவு ஒலிபரப்பாகாது. அது அந்த வீட்டுக்கு உரியது. பாலகுமார் அவர்களிடம் கொடுத்துவிட்டோம்.

நமக்கு உரியது எது? அவர் தொடங்கிய வேலை. பேசியவரிடம் போட்டுக்காட்டாமல் வெள்ளாறு வானொலியில் எதுவும் வெளிவராது என்று இந்தச் சபை முன்னால் உறுதி சொல்கிறோம். மழையையும் கடலையும் பற்றிப் பேசுவதை நிறுத்தமாட்டோம் என்று உறுதி சொல்கிறோம். சங்குத்திட்டுக்குத் தண்ணீர் தினமும் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம் என்று உறுதி சொல்கிறோம். ‘கரையோரம்’ வரும் வியாழக்கிழமையும் வரும். யார் பேசப்போகிறோம் என்பது இன்னும் முடிவாகவில்லை. வராமல் மட்டும் இருக்காது.

கழிக்குத் தெற்கே குழாய் போய்ச் சேராத இரண்டு திட்டுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்து அங்கே போவதாகத்தான் கலைமணி சொல்லியிருந்தார். இந்தச் சனிக்கிழமை நான் போகிறேன். வரக்கூடியவர்கள் காலையில் சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். மனம் இன்னும் ஆறவில்லையே, கொஞ்ச நாள் போகட்டுமே என்று சிலர் சொன்னார்கள். ஆறிய பிறகுதான் போவது என்றால், நண்பர்களே, நான் என்றைக்குமே அங்கே போக முடியாது.